மேடைக்கல் வாங்கும் முன் ஒரு துண்டைக் கேட்டு வாங்குங்கள்

சமையல் மேடைக்குக் கல் அறுத்துப் பொருத்துவது என் தொழில். "எந்தக் கல் நல்லது?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிச் சில கேள்விகள் கேட்பேன். அடுப்பிலிருந்து இறக்கும் பாத்திரத்தை எங்கே வைப்பீர்கள்? ஏதாவது சிந்தினால் உடனே துடைப்பீர்களா, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவீர்களா? நறுக்கப் பலகை எடுப்பீர்களா, மேடையிலேயே நறுக்குவீர்களா? இதற்கெல்லாம் உண்மையான பதில் கிடைத்தால் பாதிப் பொருள்கள் தானாகக் கழிந்துவிடும். புது மேடை வந்ததும் பழக்கத்தை மாற்றிக்கொள்கிறேன் என்பார்கள். நான் நம்புவதில்லை.

அடுத்தது மாதிரித் துண்டு. கடையில் அட்டையில் ஒட்டி வைத்திருக்கும் சின்னச் சதுரம் போதாது. உள்ளங்கை அகலத்துக்காவது ஒரு வெட்டுத்துண்டு கேளுங்கள். பட்டறையில் எப்போதும் கிடக்கும். நீங்கள் பார்த்து வைத்த அதே ஸ்லாபின் (அறுக்கும் முன் முழுசாக இருக்கும் பெரிய கல் பலகை) ஓரத்திலிருந்து வந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்குக் கொண்டுபோய் அதைப் பாடாய்ப் படுத்துங்கள்.

முதலில் தண்ணீர். சில சொட்டு விட்டு, 10–15 நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கருத்துப்போயிருந்தால் கல் உறிஞ்சுகிறது, அதைக் குறைக்கப் பூசும் சீலர் கட்டாயம் அடிக்க வேண்டும். பிறகு ஒரு சொட்டு எண்ணெயை ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கள். அதற்கும் பிறகு எலுமிச்சைச் சாறு. மார்பிளின் குட்டு இதில்தான் வெளிப்படும். சொட்டைத் துடைத்துவிட்டு மேலிருந்து பார்த்தால் ஒன்றும் ஆகாததுபோலத்தான் இருக்கும். துண்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடியுங்கள். சாறு இருந்த இடத்தில் பாலிஷ் போய் மங்கலாக ஒரு வட்டம் நிற்கும். விரல் நுனியால் தடவினால் சுற்றிலும் வழுக்கும், அங்கே மட்டும் லேசாகச் சொரசொரக்கும். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்ட இடத்தில் கல்லே கொஞ்சம் கரைந்துவிட்டது. எந்தச் சோப்புக்கும் இது போகாது, திரும்பப் பாலிஷ்தான் போட வேண்டும். சீலர் அடித்தால் இந்தப் பிரச்சினை வராது என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. கல் உறிஞ்சுவதைத்தான் சீலர் குறைக்கும், அமிலம் அரிப்பதை அதனால் தடுக்க முடியாது. மங்கல் வட்டம் விழுந்தால் விழட்டும், எனக்கு மார்பிள்தான் பிடிக்கும் என்பவர்கள் தாராளமாகப் போடலாம். அவர்கள் பளபளப்பான பாலிஷை விட்டு, மினுமினுக்காத மேட் ஃபினிஷ் கேட்பது நல்லது. வட்டங்கள் அவ்வளவாகக் கண்ணில் படாது.

குவார்ட்சைட் (மார்பிளைவிடக் கடினமான இயற்கைக் கல்) என்று பெயர் போட்டு மார்பிளை விற்பதும் நடக்கிறது, தெரிந்தோ தெரியாமலோ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பழைய கண்ணாடித் துண்டு ஒன்றில் கல்லின் முனையை அழுத்தி இழுங்கள். அசல் குவார்ட்சைட் கண்ணாடியைக் கீறிவிடும். மார்பிள் வெள்ளைப் பொடியை மட்டும் விட்டுவிட்டுப் போகும், துடைத்தால் கண்ணாடி சுத்தமாக இருக்கும். கறுப்புக் கல் என்றால் இன்னொன்றும் செய்யுங்கள். வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டு அழுத்தித் தேயுங்கள். துணி கறுத்தால் அது சாயம் ஏற்றிய கல், விட்டுவிடுங்கள்.

சூடான பாத்திரத்தை யோசிக்காமல் மேடையில் வைக்கிற கை உள்ள வீட்டுக்கு நான் கிரானைட்தான் சொல்வேன். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 6–7 இருக்கும். மார்பிள் 3தான். கிரானைட் மேல் வைத்து நறுக்கினால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது, கத்திதான் மழுங்கும். டிசைன் பழசாகிவிட்டது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது அவரவர் ரசனை.

செயற்கை குவார்ட்ஸ் ஸ்லாபைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இப்போது பெரும்பாலானவர்கள் கேட்பது அதைத்தான். எடையில் 90 சதவீதத்துக்கு மேல் கல் பொடி, மீதி அதை ஒட்டிப் பிடிக்கும் ரெசின் என்ற பிளாஸ்டிக் பசை. உறிஞ்சாது, சீலர் வேண்டாம், ஒரே சீரான நிறம், எல்லாம் உண்மை. ஆனால் சூட்டைத் தாங்காதது அந்தக் கொஞ்ச ரெசின்தான். 150 டிகிரி வாக்கிலேயே அது பழுதாகத் தொடங்கலாம். அடுப்பிலிருந்து இறக்கிய வாணலி அதை எளிதாகத் தாண்டிவிடும். பாத்திரத்தின் அடிவட்டம் அப்படியே வெளுத்தோ மஞ்சளாகவோ பதிந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. வெயில் நேராக விழும் இடத்தில் வெள்ளை ஸ்லாப் நாளடைவில் பழுக்கும். வெளிப்புறச் சமையலறைக்கு வேண்டவே வேண்டாம்.

இதில் எங்கள் ஆட்கள் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் உண்டு. இதை அறுக்கும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா மிக அதிகம். அதைச் சுவாசித்து சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்த தொழிலாளிகள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்த வகை ஸ்லாபைத் தயாரிக்கவும் விற்கவும் பொருத்தவும் தடை போட்டது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு. எந்தக் கல்லானாலும் சரி, தண்ணீர் விட்டு அறுக்கிற பட்டறையாகப் பாருங்கள். வீட்டுக்குள் வந்து காய்ந்த கல்லில் கட்டர் வைக்க விடாதீர்கள்.

சூடு, வெயில், அமிலம் மூன்றையும் தாங்க வேண்டும் என்றால் 1,200 டிகிரி வாக்கில் சுட்டெடுக்கும் போர்சலின் ஸ்லாப் இருக்கிறது. ஓரத்தில் கனமான பாத்திரம் இடித்தால் சில்லு பெயரும். பல வகைகளில் டிசைன் மேல்பரப்பில் மட்டும்தான், பெயர்ந்த இடம் கண்ணை உறுத்தும். அதை அறுத்துப் பழகிய ஆளும் வேண்டும். அக்ரிலிக் மேடையில் ஜாயின்ட் தெரியாது, கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாம், சூடு மட்டும் ஆகாது. மரத்துக்கு அவ்வப்போது எண்ணெய் பூச வேண்டும், சிங்க் பக்கம் வைக்காமல் இருந்தால் நல்லது. ஸ்டீல் கீறும், சத்தம் போடும், மற்றபடி கவலையே இல்லை. லேமினேட்டில் விளிம்பு வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் பலகை உப்பிவிடும்.

பொருளை முடிவு செய்த பிறகு, அறுப்பவரிடம் பேச வேண்டியது இன்னும் இருக்கிறது. நான் பார்த்தவரை மேடை உடைவது பெரும்பாலும் சிங்க்குக்கு வெட்டிய இடத்தில்தான். சிங்க்குக்கு முன்னால் மிஞ்சும் ஒடுங்கிய பட்டையில்தான் எல்லாப் பளுவும் ஏறும். வெட்டின் உள்மூலைகளை வளைவாக எடுக்கச் சொல்லுங்கள், கூர்மூலையில்தான் விரிசல் பிறக்கும். ஜாயின்ட் சிங்க் நடுவே வரக்கூடாது. முன் விளிம்பின் அடியில் நீளவாக்கில் ஒரு சிறு காடி (பள்ளக் கோடு) போடச் சொன்னால், வழியும் தண்ணீர் அலமாரிக் கதவுக்குப் போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

பழைய அலமாரியை வைத்துக்கொண்டு மேடையை மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் எடையையும் கணக்குப் பாருங்கள். 20 மி.மீ. கிரானைட் ஒரு சதுர மீட்டர் சுமார் 54 கிலோ, 30 மி.மீ. என்றால் 80 கிலோ. புது அலமாரி என்றால் அதை நிறுத்தி மட்டம் பார்த்த பிறகுதான் கல்லுக்கு அளவு எடுக்க வேண்டும். வரைபடத்தை வைத்து முன்கூட்டியே அறுத்த கல் சுவரோடு ஒட்டாது.

கல் வந்து இறங்கும் நாளில் நாலு மூலையிலும் கையை அழுத்திப் பாருங்கள், எங்காவது ஆடினால், இடுக்கை அடைக்கும் சிலிகான் பசை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சிலிகான் வைத்த பிறகு ஒரு நாள் குழாயைத் திறக்க வேண்டாம்.