புதுசாகக் கபடி கோச் ஆகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் வந்தால் கடலூர் வட்டாரத்தில் கபடித் தொடர் போட்டி நடக்காத ஊர் குறைவு. பாகூர் பக்கமிருந்துகூட டீம்கள் வண்டி பிடித்து வரும். இப்போது ஆடி முடித்த பையன்கள் பலர் தங்கள் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கோச் ஆகியிருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் கோட்டுக்கு வெளியே நின்று அவர்கள் செய்வதைப் பார்த்தால், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே வேலைகள்தான். நகம் வெட்டுவது, வார்ம் அப் செய்வது பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

பிடிக்கப் போனவனைத் திட்டுவது

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு ஆட்டம். லெஃப்ட் கார்னரில், அதாவது இடது ஓரத்தில், நின்ற பையனுக்கு அருமையான பிடி, கணுக்காலில் கை விழுந்தால் விடமாட்டான். எதிர் டீம் ஆள் பாடி வந்த முதல் ரைடிலேயே பிடிக்கப் போனான், அரை நொடி முந்திவிட்டான், கை வழுக்கியது, அவனுக்கு உள்பக்கம் கவரில் நின்று உதவிக்கு வந்த பையனும் சேர்ந்து அவுட். எதிர் டீமுக்கு ரெண்டு பாயிண்ட். அவ்வளவுதான், கோச் கோட்டருகே ஓடிவந்து, அந்தப் பையனின் அப்பா பார்த்துக்கொண்டிருக்க, வாய்க்கு வந்தபடி திட்டினார். பையன் திரும்ப உள்ளே வந்ததும் டைம் அவுட் கேட்டு வெளியே உட்கார வைத்தார். இரண்டாம் பாதியில் மறுபடி இறக்கினார். அதன் பிறகு அந்தப் பையன் ஒரு பிடிக்கும் போகவில்லை. எதிர் ரைடர் நிதானமாக வந்து, யாரையும் தொடாமல் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்து, போனஸ் பாயிண்ட் எடுத்துக்கொண்டே இருந்தான். பையன் ஒவ்வொரு தடவையும் கோச் முகத்தைத்தான் பார்த்தான்.

ஸ்கோர் ஷீட்டில் அவன் பேரில் அதற்குமேல் ஒரு தப்பும் இல்லை. கோச்சும் பையன் திருந்திவிட்டான் என்றே நினைத்தார். ஆட்டம் போனது எதனால் என்று கடைசிவரை அவருக்குப் புரியவில்லை.

புரிய வேண்டியது இதுதான். போனஸ் எடுக்க ரைடர் ஒரு காலைப் போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்றும்போது பின்கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். அதாவது அவன் உடம்பின் மொத்தப் பாரமும், நம் கார்னர் பையன் எதிரிலிருக்கும் அந்த ஒரு காலில். கணுக்காலைப் பிடிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது, அதுவும் கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். போகலாமா வேண்டாமா, போய் விட்டுவிட்டால் கோச் என்ன சொல்வார் என்று யோசிக்கிறவனுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. கார்னர் போகாவிட்டால் பக்கத்தில் இருப்பவன் எதை நம்பிப் பாய்வான்? ஒருவன் பயந்தால் ஏழு பேர் பிடியும் போச்சு.

போய் விட்ட பிடி எல்லார் கண்ணுக்கும் தெரியும், போகாமல் விட்ட பிடி யாருக்கும் தெரியாது. ஜெயிக்க வேண்டும் என்ற வெறி உள்ள கோச் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் தண்டிக்கிறார், அதனால்தான் தோற்கிறார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு பாதிக்கு இரண்டு டைம் அவுட், ஒவ்வொன்றும் 30 நொடி. முழு ஆட்டத்துக்கும் சேர்த்து ரெண்டே நிமிடம். அதில் திட்டி முடிப்பதற்குள் நடுவர் விசில் அடித்துவிடுவார், எதிர் ரைடர் எந்தப் பக்கம் திரும்பி ஓடுகிறான் என்று சொல்ல நேரம் எங்கே இருக்கிறது?

சரி, அப்போ என்ன செய்வது? "ஏன்டா போன?" என்று கேட்காதீர்கள். ரைடர் கால் எங்கே இருக்கும்போது போனாய் என்று கேளுங்கள். பையன் யோசித்துப் பதில் சொல்வான், அடுத்த முறை அரை நொடி பொறுத்துப் போவான். பிராக்டீஸில் போய் விட்டதற்குத் தண்டனையே வேண்டாம். நேரம் வந்தும் போகாமல் நின்றால் அங்கே ஆட்டத்தை நிறுத்திப் பேசுங்கள். கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிராக்டீஸுக்கு லேட்டாக வந்தால் தாராளமாகக் கண்டியுங்கள்.

ஒரே ரைடரை நம்புவது

அவன் பிடிபட்டால் நீங்கள் எதிர் டீம் ஆளை அவுட் ஆக்கும்வரை உள்ளே வர முடியாது. எதிர் டீம் அவனை வெளியே உட்கார வைப்பதிலேயே குறியாக இருக்கும். அந்த நேரத்தில், அதுவரை ஒரு ரைடுகூடப் போகாத பையனை டூ ஆர் டை ரைடுக்கு (பாயிண்ட் எடுக்காமல் திரும்பினால் அவுட் ஆகிற ரைடு) அனுப்பிவிட்டு அவனைக் குறை சொல்வது அநியாயம். லீட் இருக்கும்போதே ரெண்டாவது, மூன்றாவது ரைடரை அனுப்பிப் பழக்குங்கள்.

பாடிக்கொண்டிருப்பவனுக்கு வெளியிலிருந்து கத்துவது

ஒரு ரைடுக்கு அவனுக்கு இருப்பது 30 நொடி. விட்டுவிடுங்கள்.

நடுவரோடு சண்டை

உங்களைப் பார்த்துத்தான் பையனும் சண்டைக்குப் போகிறான். அவன் மஞ்சள் அட்டை வாங்கினால் ரெண்டு நிமிடம் ஆள் குறைவாக ஆட வேண்டியது உங்கள் டீம்தான்.

எடைக்காகப் பட்டினி போடுவது

55 கிலோ போட்டி என்றால் 58 கிலோ பையனுக்கு முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி, காலையில் ஸ்வெட்டர் போட்டு ஓடவிட்டு, தண்ணீர்கூடத் தராமல் தராசில் ஏற்றுகிறார்கள். வளர்கிற பிள்ளை அவன், நம் ஊர் வெயிலில் அன்றைக்கே நாலு ஆட்டம் ஆட வேண்டும். அடுத்த எடைப் பிரிவில் ஆட விடுங்கள், அது இல்லாத போட்டி என்றால் அவனை அழைத்துப் போகாதீர்கள்.