எந்த வகுப்புக்கு ஆசிரியர்? பி.எட். விண்ணப்பத்துக்கு முன் ஒரு சோதனை

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பார்கள். அதனாலோ என்னவோ, நம் பக்கம் வீட்டுக்கொரு பிள்ளையாவது "டீச்சராகப் போறேன்" என்கிறது. சரி, எந்த வகுப்புக்கு? பாதை அங்கேயே பிரிகிறது. ஒன்று முதல் ஐந்து வரைக்குத் தொடக்கக் கல்விப் பட்டயம், ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தாள் 1. ஆறு முதல் எட்டுக்குப் பட்டத்தோடு பி.எட்., தாள் 2. பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலையும் வேண்டும்.

பணம் கட்டுமுன் இதைச் செய்து பாருங்கள். தெருவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேருக்கு ஒரு வாரம், ஒன்பதாம் வகுப்புக்காரர்களுக்கு ஒரு வாரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் பின்னம் சொல்லிக்கொடுங்கள். சின்னதுகளுக்குக் கடலைமிட்டாயை உடைத்துத்தான் பாதி, கால் எல்லாம் புரியும். பாதி நேரம் மூக்குச் சிந்திவிடுவதிலேயே போகும். பெரியவர்கள் "இது எதுக்கு அண்ணாச்சி?" என்று மடக்குவார்கள். தினமும் இரண்டு வரி எழுதிவையுங்கள்: எங்கே எரிச்சல் வந்தது, எங்கே நேரம் போனது தெரியவில்லை. முக்கியமாக, புரியாத பிள்ளைக்கு மூன்றாவது தடவை சொல்லும்போது உங்கள் குரல் எப்படி இருந்தது என்று. அதை அந்தப் பிள்ளையிடமே கேட்டுவிடலாம், ஒளிக்காமல் சொல்லிவிடும்.