அப்பாருக்குக் கரண்டு வைப்பதற்கு முன்னால்

வயசானவர்கள் நடையில் தள்ளாட ஆரம்பித்தாலே "ஏனுங்க, ஒருக்கா கரண்டு வெச்சுப் பாக்கறதுதானுங்க" என்று யோசனை சொல்ல ஆள் வந்துவிடுகிறார்கள். மெல்லிய மின்தூண்டல் சிலருக்கு உதவும்தான். ஆனால் எல்லாக் கரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வதில்தான் கோளாறே தொடங்குகிறது.

பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு மூட்டுவலி குறைத்த டென்ஸ் மிஷின் வலிக்கானது. தொடைத்தசை வற்றிப்போனவர்களுக்குத் தசையையே சுருங்க வைக்கிற வேறு வகை இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு பாதம் தூக்க வராமல் தரையில் இழுபட நடப்பவர்களுக்கு, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஓடும் நரம்பைத் தூண்டி, அடி எடுக்கும்போதெல்லாம் பாதத்தைத் தூக்கிவிடுகிற கருவி 1961லேயே வந்துவிட்டது. தலையில் உப்புநீரில் நனைத்த பஞ்சு வைத்து, வழக்கமாக 2 மில்லிஆம்பியர் அளவில் சுமார் 20 நிமிடம் கரண்டு செலுத்துகிற முறை, பேசிக்கொண்டே நடக்கும்போது தடுமாறுகிறவர்களுக்கு உதவுமா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். யூடியூப் பார்த்து 9 வோல்ட் பேட்டரியில் இதை வீட்டிலேயே செய்து பார்க்கவே கூடாது.

அடுத்தது, தள்ளாட்டம் எதனால் என்று பார்க்காமல் மிஷினைத் தேடுவது. பிரஷர் மாத்திரையால் எழுந்தவுடன் கிறுகிறுப்பது, பி12 குறைவு, கண்புரை, காதுக்குள் கோளாறு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மாத்திரை அளவை மாற்றினாலே சரியாகிவிடுகிற தள்ளாட்டத்துக்குக் கரண்டு எதற்கு?

சுகர்காரர்கள் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே பயம் உண்டு. பாதம் மரத்துப்போனவருக்குக் கரண்டு ஏறுவது தெரியாது, "ஒண்ணுமே தெரியலையே சாமி, இன்னும் கொஞ்சம் ஏத்து" என்பார், நாமும் பாசத்தில் திருகிவிடுவோம், தோல் வெந்தபிறகுதான் தெரியும். விளக்கெண்ணெய் தடவிய காலில், கரண்டை உடம்புக்குள் இறக்குகிற பேட் ஒட்டுவதும், ஓரம் காய்ந்து மடங்கிய பழைய பேட்டை வீணாக்க மனசில்லாமல் திரும்ப ஒட்டுவதும் இதே ஆபத்துதான், ஏனென்றால் ஒட்டியிருக்கிற சின்ன இடத்திலேயே மொத்தக் கரண்டும் இறங்கும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த காலில், புண் இல்லாத இடத்தில், முழுசாக ஒட்டுகிற பேட்தான் வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது. கழுத்தின் முன்பக்கம் யாருக்குமே வைக்கக்கூடாது.

அப்புறம், கட்டிலில் படுத்துக் கரண்டு மட்டும் வைத்துக்கொண்டு எழுந்து போவது. உட்கார்ந்து எழுவது, பிடிமானத்தோடு ஒற்றைக்காலில் நிற்பது, கட்டுத்தரைப் படி ஏறி இறங்குவது என்று பயிற்சி கூடவே நடந்தால்தான் பலன். பலன் வந்ததா என்பதை "சுர்ருனு ஏறுச்சு" என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று செல்போனில் பாருங்கள், கூட ஒருவர் அணைத்தாற்போல நிற்கட்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழுகிற ஆபத்து இருக்கிறது என்று கணக்கு. அந்த நொடிக்கணக்கை எழுதிவைத்து, அடுத்த முறை போகும்போது பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.