பிரேக் பழுதே ஆகாது என்று எழுதியவன் சொல்கிறேன்

தொழிற்சாலைக் கையேடுகளையும் பாதுகாப்பு வார மலர்களையும் தமிழாக்குவது என் வேலை. போன வாரம் புதிதாகச் சேர்ந்த இருவரின் மொழிபெயர்ப்புப் படிகளைத் திருத்த உட்கார்ந்தேன். பாதுகாப்பு, ஆபத்து பற்றிய ஆங்கிலத் தொடர்களில் நான் செய்த பழைய தப்புகள் வரி மாறாமல் அங்கே இருந்தன. ‘சேஃப் அண்ட் சவுண்ட்’ என்பதில் சவுண்ட் சத்தமில்லை, உடல்நலம் என்பதையெல்லாம் அகராதியே சொல்லிவிடும். அதை விடுங்கள்.

ஃபெயில்-சேஃப்

இதை ‘ஒருபோதும் பழுதாகாத’ என்று எழுதாதீர்கள். நான் எழுதினேன். ஒரு பிரஸ் இயந்திரத்தின் கையேட்டில் ‘பழுதே ஆகாத பிரேக்’ என்று அச்சாகி வந்துவிட்டது. அங்கிருந்த பராமரிப்பு மேற்பார்வையாளர் ஃபோனில் கேட்டார்: “சார், பழுதே ஆகாதுன்னா நாங்க எதுக்கு வாராவாரம் சோதிக்கணும்?” பதில் இல்லை. மறுஅச்சுச் செலவு என் தலையில். இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

சொல்லின் பொருள் நேர் எதிர். பழுதாகும், ஆனால் பழுதாகும்போது ஆபத்தில்லாத பக்கமாகப் போய் நிற்கும். இது புரிய ரயில் பிரேக்கைப் பார்த்தால் போதும். அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் கொண்டுவந்த பிரேக்கில், காற்றைக் குழாயில் அனுப்பினால்தான் வண்டி நிற்கும். குழாய் அறுந்தால் பிரேக்கே கிடையாது. 1872-இல் அவரே அதைத் தலைகீழாக்கினார். குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும், ஒவ்வொரு பெட்டியிலும் தனிக் காற்றுத் தொட்டி இருக்கும். அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தாலும் பெட்டி கழன்றாலும் வண்டி தானாக நின்றுவிடும். நம் ரயிலில் அபாயச் சங்கிலியை இழுத்தால் நடப்பதும் இதுதான்: குழாயிலிருந்து காற்று வெளியேறுகிறது.

அப்புறம் நான் ‘பழுதானால் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக்’ என்று எழுத ஆரம்பித்தேன். நீளம்தான், பரவாயில்லை. போன வாரப் படியில் இருந்தது: ‘தோல்வியே அறியாத பாதுகாப்பு’. சினிமா வசனம் மாதிரி!

சுரங்கத்துக் கானரி

‘கானரி இன் எ கோல் மைன்’, அதாவது நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கொண்டுபோன கானரிப் பறவை. இதை ‘பலிகடா’ என்று மாற்றாதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு மனிதனைத் தாக்கும் முன்பே அந்தச் சின்னப் பறவை மயங்கிவிடும் என்பதால் உடலியல் அறிஞர் ஜே.எஸ். ஹால்டேன் பரிந்துரைத்த ஏற்பாடு அது. பிரிட்டனில் 1986 வரைக்கும் இருந்தது. மயங்கிய பறவையை ஆக்சிஜன் கொடுத்துப் பிழைக்கவைக்கும் கூண்டுகூட வைத்திருந்தார்கள். முன்கூட்டியே எச்சரிப்பதுதான் அதன் வேலை, சாவதில்லை.

சேவ்டு பை த பெல்

உயிரோடு புதைபட்டவர் கயிற்றை இழுத்து மணியடித்துத் தப்பிய கதையை வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். மணி வைத்த சவப்பெட்டிகளுக்கு 19-ஆம் நூற்றாண்டில் காப்புரிமை வாங்கியது நிஜம். அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. தொடர் வந்ததோ குத்துச்சண்டையிலிருந்து: விழுந்தவருக்கு நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் சுற்று முடியும் மணி அடித்துவிட்டால் பிழைத்தார். நானும் அந்தச் சவப்பெட்டிக் கதையை ஒரு மலரில் எழுதியவன்தான்.

பற்களின் தோல்

‘பை த ஸ்கின் ஆஃப் மை டீத்’. பைபிளில் யோபு 19:20. ‘மயிரிழையில்’ என்று எழுதிவிட்டு நகருங்கள்.

எ ஸ்டிட்ச் இன் டைம்

முழுப் பழமொழி ‘எ ஸ்டிட்ச் இன் டைம் சேவ்ஸ் நைன்’: நேரத்தில் ஒரு தையல் போட்டால் பின்னால் ஒன்பது மிச்சம். ஒன்பது என்பது தையல். ஆள் இல்லை.