ஜப்பானியத் துணையைப் பிரியும் வெளிநாட்டவர் முதலில் செய்ய வேண்டியவை

ஜப்பானில் மணமுறிவு பெரும்பாலும் நீதிமன்றப் படியேறாமலே முடிந்துவிடும். ‘ரிகொன் தொதோகே’ என்ற மணமுறிவு அறிவிப்புப் படிவத்தில் இருவரும், வயதுவந்த 2 சாட்சிகளும் கையெழுத்திட்டால் போதும், நகராட்சி பதிந்துகொள்ளும். ஆபத்தும் அதில்தான். ஒருவரே கொண்டுபோய்க் கொடுக்கலாம். மற்றவருக்குச் சம்மதமா என்று யாரும் கேட்பதில்லை. பதிவாகிவிட்டால், செல்லாது என்று நிறுவக் குடும்ப நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும்.

ஆகவே சண்டை முற்றும் முன்பே அடையாள அட்டையோடு நகராட்சிக்கு நேரில் போய் ‘ஃபுஜுரி மோஷிதே’ என்ற ‘ஏற்க வேண்டாம்’ விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள். அதை நீங்கள் திரும்பப் பெறும்வரை, உங்களுக்குத் தெரியாமல் தரப்படும் படிவத்தை ஏற்க மாட்டார்கள்.

இந்தியர்களுக்கு இன்னொரு சிக்கல். இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு வெளிநாட்டு நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றியே பேசுகிறது. நகராட்சிச் சான்று தீர்ப்பாகாது; இந்தியாவில் அது ஏற்கப்படாமல் போகலாம். கொஞ்சம் இழுத்தடித்தாலும் குடும்ப நீதிமன்றம் வழியே பிரிவதே மேல்.

குழந்தை இருந்தால், பெற்றோர் உரிமைக் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்திடவே கூடாது. 2026 ஏப்ரல் 1 முதல் கூட்டு உரிமைக்கும் சட்டத்தில் இடமுண்டு.

துணைவர் விசாவில் இருப்பவர் மணமுறிந்த 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தக்க காரணமின்றி 6 மாதம் துணைவராக வாழாவிட்டால் அனுமதி ரத்தாகலாம். அதற்குள் வேறு விசாவுக்கு மாறிவிடுங்கள்.