லினக்ஸ் டெஸ்க்டாப் உடைந்தால் செய்யக்கூடாதவை

லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்கள் டெஸ்க்டாப் வரவில்லை என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் முதலில் கெட்டது சின்ன விஷயமாகத்தான் இருக்கும். அதைச் சரிசெய்யப் போய்க் கெடுத்ததுதான் பெரிதாக இருக்கும். நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழிகளில் இவர்களும் விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பேக்கப் எடுங்கள், கட்டளையைப் பிழையில்லாமல் தட்டுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதனால் விட்டுவிடுகிறேன்.

## கருப்புத் திரையைப் பார்த்ததும் பவர் பட்டனை அழுத்துவது

கர்னல், டிரைவர், திரையில் ஜன்னல்களை வரையும் டிஸ்பிளே சர்வர், லாகின் மேனேஜர், அதற்கு மேல் க்னோமோ கேடிஇயோ எக்ஸ்எஃப்சிஇயோ ஏதாவது ஒரு டெஸ்க்டாப் சூழல் என்று அடுக்கடுக்காக நிற்பதுதான் டெஸ்க்டாப். மேல் அடுக்கு சரிந்தாலும் கீழே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கலாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் எழுத்துத் திரை வந்து பயனர் பெயர் கேட்டால் நிம்மதியாக மூச்சு விடலாம். உங்கள் கோப்புகள் பத்திரமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பழுது எந்த அடுக்கில் என்று அங்கிருந்தே தேடலாம்.

## எதற்கெடுத்தாலும் சூடோ

சூடோ என்பது ஒரு கட்டளையை ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியாக, ஓட்டும் வழி. அதைக் கண்டபடி போடுவதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் செய்தவர் மேல் இல்லை, "சூடோ போட்டுப் பார்" என்று காரணம் கேட்காமல் சொல்லிக்கொடுப்பவர்கள் மேல்தான்.

ஒரு மாணவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடவுச்சொல்லைச் சரியாகத்தான் கொடுக்கிறார். திரை ஒரு கணம் கறுத்து, திரும்ப லாகின் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. யாரோ சொன்னபடி எழுத்துத் திரைக்குப் போய், டெஸ்க்டாப்பை நேரடியாகத் தொடங்கும் ஸ்டார்ட்எக்ஸ் கட்டளையை சூடோ ஸ்டார்ட்எக்ஸ் என்று கொடுத்தார். டெஸ்க்டாப் வந்துவிட்டது! சரியாகிவிட்டது என்று நம்பி அன்று முழுக்க அதிலேயே வேலை பார்த்தார்.

உண்மையில் டிஸ்க் நிரம்பியிருந்தது, அவ்வளவுதான். உள்ளே நுழையும்போது .எக்ஸ்அத்தாரிட்டி என்ற சின்னக் கோப்பை எழுத வேண்டும். அதற்கு இடமில்லாததால் லாகின் மேனேஜர் அவரைத் திருப்பி அனுப்பியது. ரூட் மட்டும் எப்படி நுழைந்தது? இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும். சூடோ எதையும் சரிசெய்யவில்லை. அந்த ஒதுக்கீட்டில் எழுதிவிட்டு, நிஜமான காரணத்தை மறைத்தது.

அதோடு போகவில்லை. அவருடைய பழைய அமைப்பில் சூடோ போட்டாலும் ஹோம் ஃபோல்டர் பயனருடையதாகவே இருக்கும். உபுண்டுவில் இந்த வழக்கம் 19.10 வெளியீட்டில்தான் மாறியது. அதனால் ரூட்டாக ஓடிய டெஸ்க்டாப் அவருடைய ஹோமுக்குள்ளேயே கோப்புகளை எழுதியது. மறுநாள் டிஸ்க்கில் இடம் விடுவித்த பிறகும் லாகின் ஆகவில்லை. கோப்புகளின் உரிமையாளரைக் காட்டும் எல்எஸ் -எல்ஏ கொடுத்தால், அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் .எக்ஸ்அத்தாரிட்டி வரியில் "ரூட் ரூட்" என்று இருக்கிறது. புது உபுண்டுதானே என்று நீங்களும் அலட்சியமாக இருக்க வேண்டாம். ஹோமுக்குள் இல்லாத ஒரு கோப்பை சூடோ நானோவால் உருவாக்கினால் அது இன்றும் ரூட்டின் கோப்புதான்.

இந்த நிலையிலும் சிஹெச்ஓன் கட்டளையால் அந்த ஒரு கோப்பைத் தன் பெயருக்கு மாற்றியிருந்தால் போதும். அவர் கொடுத்தது, உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் எல்லாருக்கும் அனுமதி தரும் சிஹெச்மாட் -ஆர் 777, அதுவும் சூடோவோடு. சாய்கோட்டுக்கும் ஹோமுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டதால், கட்டளை மொத்த அமைப்பின் மேலும் ஓடியது. 777 என்று எண்ணில் கொடுத்தால் கோப்புகளில் உள்ள செட்யூஐடி அடையாளம் (ஒரு நிரலை அதன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடவைப்பது) போய்விடும். அந்த அடையாளம் இல்லாமல் சூடோவே இயங்காது. அடுத்த கட்டளைக்கு வந்த பதிலும் அதைத்தான் சொன்னது.

அப்போதும் அவருடைய கோப்புகள் அப்படியே இருந்தன. நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் பென்டிரைவில் பூட் செய்து ஹோமை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்திருக்கலாம். பதற்றத்தில் டிஸ்க்கை முழுவதும் அழித்து மறுநிறுவல் செய்துவிட்டார். ப்ராஜெக்ட் வேலை மொத்தமும் போயிற்று. டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் -எச் என்ற ஒரு வரியைத் தட்டியிருந்தால் நூறு சதவீதம் என்று காட்டியிருக்கும்.

அதனால் லாகின் சுற்றிச் சுற்றி வந்தால் முதலில் டிஎஃப் -எச், அப்புறம் ஹோமில் எல்எஸ் -எல்ஏ. இரண்டுமே பார்க்க மட்டும் செய்யும், எதையும் மாற்றாது. சூடோவைப் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகு.

## பட்டியலைப் படிக்காமல் ஒய் தட்டுவது

உபுண்டு போன்றவற்றில் மென்பொருளை நிறுவித் தரும் ஏபிடி, ஒன்றை நிறுவும்போது எவற்றை நீக்கப்போகிறது என்பதையும் சொல்லும். 2021-இல் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவப் போனவர்களுக்கு, பேக்கேஜ் முரண்பாட்டால் டெஸ்க்டாப்பையே நீக்கும் பட்டியல் வந்தது. படிக்காமல் ஒப்புக்கொண்டவர்களுக்குக் கடைசியில் எழுத்துத் திரைதான் மிஞ்சியது. அதன் பிறகு ஏபிடியையே கடுமையாக்கினார்கள். ஆனாலும் உபுண்டுவில் பைத்தான்3-ஐ நீக்கச் சொன்னால் டெஸ்க்டாப்பும் சேர்ந்தே போகும். நிறுவச் சொன்ன இடத்தில் நீக்கும் பட்டியல் நீளமாக வந்தால், வேண்டாம் என்பதற்கான "என்" (N) எழுத்தைத் தட்டிவிட்டு வெளியே வாருங்கள்.

## .கான்ஃபிக் ஃபோல்டரை அழிப்பது

உங்கள் ஹோமில் அமைப்புகளை வைத்திருக்கும் ஃபோல்டர் இது. பெயரை மாற்றினால் போதும். அதற்கும் முன், புதிதாக ஒரு பயனரை உருவாக்கி நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் சரியாக இருந்தால் பழுது உங்கள் ஹோமுக்குள் இருக்கிறது. அங்கேயும் சரியாக இல்லையென்றால் உங்கள் அமைப்புகள் குற்றமற்றவை, அவற்றைத் தொடாதீர்கள். க்னோம் பயன்படுத்துபவர்கள் எக்ஸ்டென்ஷன்களை முதலில் சந்தேகிக்கலாம். 2023-இல் வந்த க்னோம் 45, எக்ஸ்டென்ஷன் எழுதும் முறையையே மாற்றியது. அதற்கேற்பத் திருத்தப்படாத பழையவை எதுவும் அதில் ஓடாது.

## லாக்கின் கடைசி வரியை மட்டும் பார்ப்பது

கடைசியில் இருப்பது பெரும்பாலும் விளைவுதான். மேலே போய் முதல் பிழையைத் தேடுங்கள். ரீபூட் செய்துவிட்டீர்களா? ஜர்னல்சிடிஎல் -பி -1 கொடுத்தால், லாக் டிஸ்க்கில் சேமிக்கப்படும் அமைப்புகளில் முந்தைய பூட்டில் நடந்தது தெரியும்.

## வேலேண்டில் எக்ஸ்ஆர்க் வைத்தியம்

எக்ஸ்ஆர்க் பழைய டிஸ்பிளே சர்வர், வேலேண்ட் அதற்குப் பதிலாக வந்த புதியது. எக்ஸ்ஆர்க்.கான்ஃப் கோப்பைத் திருத்தச் சொல்லும் பழைய குறிப்புகளால் வேலேண்டில் பயனில்லை. நுழைய முடிகிறது, திரைதான் கோளாறு என்றால், டெஸ்க்டாப்புக்குள் டெர்மினலைத் திறந்து எக்ஸ்டிஜி_செஷன்_டைப் மாறியில் வேலேண்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

## மூன்று மாற்றங்களை ஒன்றாகச் செய்வது

வேண்டாம். ஒன்று, ரீபூட், பிறகு அடுத்தது.

## என்விடியா டிரைவரைத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுவது

உங்கள் டிஸ்ட்ரோ (உபுண்டு போல நீங்கள் பயன்படுத்தும் லினக்ஸ் வகை) தரும் பேக்கேஜையே போடுங்கள். கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு திரை வரவில்லையென்றால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் டெஸ்க்டாப் வந்தால், புதிய கர்னலுக்கான டிரைவர் மாட்யூல் உருவாகவில்லை என்றே முதலில் சந்தேகிக்கலாம். கர்னலுக்கேற்ப டிரைவர் மாட்யூலை உருவாக்கும் டிகேஎம்எஸ்ஸின் நிலையை டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கொடுத்துப் பார்த்துவிட்டு, அங்கிருந்து தொடங்குங்கள்.