ஸ்போர்ட் டூரிங் பைக்கின் எடையைக் குறைப்பது எப்படி: நிஞ்சா 1000எஸ்எக்ஸை வைத்து ஒரு செய்முறை

புது பைக் வாங்கி ஒரு வருடம் ஓட்டியவர்களின் வண்டியைப் பாருங்கள். கிராஷ் கார்டு, பின்பெட்டி, பெட்டியைத் தாங்கும் தகடு, ஃபாக் லைட், ரெட்டை ஹார்ன், ஜிபிஎஸ் டிராக்கர் என்று ஒவ்வொன்றாக ஏறியிருக்கும். பிறகு "வண்டி கனமாக இருக்கிறது" என்று டைட்டானியம் போல்ட் தேடுவார்கள். ஏற்றியதை இறக்குவதுதான் முதல் வேலை. பணம் செலவழிக்கும் வேலையெல்லாம் அதற்குப் பிறகு.

இங்கே கவாஸாகி நிஞ்சா 1000எஸ்எக்ஸை எடுத்துக்கொள்வோம். 1043 சிசி, 19 லிட்டர் டேங்க், 1440 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்). டேங்க் நிரம்பிய நிலையில் எடை, நாட்டுக்கு நாடு சற்று மாறி, 235 முதல் 238 கிலோ. உங்களிடம் வேறு வண்டி இருந்தால் எண்கள் மாறும், வேலை மாறாது.

எவ்வளவு குறையும்? ஷோரூம் நிலையிலிருந்து ஐந்தாறு கிலோ. மேலே ஏற்றிய சாமான்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் 12 முதல் 20 கிலோ. 80 கிலோ ஆளோடு சேர்த்து 318 கிலோ ஓடுகிற வண்டியில் 12 கிலோ என்பது நாலு சதவீதம்கூட இல்லை. ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. பார்க்கிங்கிலிருந்து தள்ளி வெளியே எடுக்கும்போது தெரியும், குறுகிய சாலையில் யூ-டர்ன் போடும்போது தெரியும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும்போது நன்றாகவே தெரியும்.

படி 1: எடை போடுங்கள்

லாரி எடைமேடை இதற்கு உதவாது. அது 5 அல்லது 10 கிலோ கணக்கில்தான் காட்டும். வீட்டில் ஆள் எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு போதும்; 150 கிலோவாவது தாங்க வேண்டும். இந்த வண்டியில் ஒரு சக்கரத்தின் மேல் விழும் சுமை 120 கிலோ அளவில் இருக்கும்.

ஓர் அடிக்கு ஓர் அடி ப்ளைவுட் துண்டைத் தராசின் மேல் வையுங்கள். டயர் நேராகக் கண்ணாடியில் அமர்ந்தால் கண்ணாடி விரிசல் விடும். தராசும் ப்ளைவுட்டும் சேர்ந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்துக்கு மற்ற சக்கரத்தின் அடியில் பலகை கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் உயர்ந்திருந்தால் எடை பின்னாலோ முன்னாலோ சாய்ந்து தவறான எண் வரும். சைடு ஸ்டாண்டு தரையைத் தொடக்கூடாது. உதவிக்கு நிற்பவர் வண்டியைச் செங்குத்தாகப் பிடித்து, விரல் நுனியால் மட்டும் தாங்க வேண்டும். இறுகப் பிடித்தால் இரண்டு மூன்று கிலோ காணாமல் போய்விடும். முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டையும் மும்மூன்று முறை போட்டு நடு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டின் கூட்டல்தான் மொத்த எடை.

டேங்கில் எவ்வளவு பெட்ரோல் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். நிரம்பிய 19 லிட்டர் 14 கிலோ. முதல் தடவை ஃபுல் டேங்கிலும் அடுத்த தடவை கால் டேங்கிலும் எடை போட்டுவிட்டு "பத்து கிலோ குறைத்துவிட்டேன்" என்று சொல்பவர்கள் உண்டு.

படி 2: காசில்லாமல் குறைவது

அன்றாடம் ஊருக்குள் ஓட்டுகிறவர் 8 லிட்டர் போட்டால் போதும். ஃபுல் டேங்கோடு ஒப்பிட்டால் 8 கிலோ மிச்சம், அதுவும் வண்டியின் மேல் பகுதியிலிருந்து. ரிசர்வுக்கும் கீழே ஓட்டிப் பழக வேண்டாம். டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலால்தான் குளிர்கிறது.

அடுத்து, பெட்டிகளையும் பைகளையும் தரையில் கொட்டுங்கள். லக்கேஜ் தொங்கவிட்டு எடை பார்க்கும் கொக்கித் தராசில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். செயின் பூட்டு, இரண்டு லிட்டர் தண்ணீர், பாதி காலியான செயின் ஸ்ப்ரே, வண்டியில் எந்த நட்டுக்கும் பொருந்தாத ஸ்பேனர் செட், போன மழைக்கு வாங்கிய இரண்டாவது ரெயின் கோட். ஐந்து கிலோவுக்குக் குறைந்து வருவது அபூர்வம். பஞ்சர் கிட், சின்ன காற்றடிக்கும் பம்ப், வண்டியோடு வந்த டூல் கிட், முதலுதவிப் பொருள்: இவற்றில் கை வைக்காதீர்கள்.

படி 3: பின்பெட்டி

எத்தனை கிலோ என்பதைவிட எங்கே இருக்கிறது என்பது முக்கியம். பின் ஆக்சிலுக்கு 40 செ.மீ. பின்னால் தொங்கும் பெட்டியில் 8 கிலோ வைக்கிறீர்கள் என்று வையுங்கள். வீல்பேஸ் 144 செ.மீ. என்பதால் 8 × 40 ÷ 144 = 2.2. அதாவது முன்சக்கரத்திலிருந்து 2.2 கிலோவைத் தூக்கிவிடுகிறது. பின்சக்கரத்தின் மேல் 8-க்குப் பதில் 10.2 கிலோ ஏறுகிறது. நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டும்போது ஹேண்டில்பார் லேசாக ஆடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காற்று பெட்டியில் மோதுவது இன்னொன்று.

தனியாகப் போகும் பயணத்துக்குப் பின்பெட்டியைத் தகடோடு கழற்றி வையுங்கள். தகடும் அதன் இரும்புக் கால்களுமே இரண்டு மூன்று கிலோ இருக்கும். பெட்டியை மட்டும் கழற்றிவிட்டுத் தகட்டை மறப்பவர்கள்தான் அதிகம். அதே 8 கிலோவை டேங்க் பேகிலும், பின்சீட்டின் மேல் கட்டும் பையிலுமாகப் பிரித்தால் வண்டியின் நடத்தையே வேறு. கனமானது எப்போதும் முன்னாலும் கீழேயும்: டூல்ஸ், தண்ணீர், பூட்டு. துணிமணி பின்னால் போகட்டும்.

பக்கவாட்டு ஹார்டு பெட்டிகளுக்குப் பதில் மென்பைகள் போட்டால் ஜோடிக்கு ஐந்து கிலோ அளவில் குறையும். ஆனால் பை சைலன்சரைத் தொடக்கூடாது. வெறும் பையாகக் கட்டும்போது இடைவெளி இருக்கும். சாமான் நிரப்பி, ஒரு பள்ளத்தில் சஸ்பென்ஷன் அமுங்கியதும் ஒட்டிவிடும். நிரப்பிய பையோடு ஒருவரைப் பின்னால் உட்கார வைத்து, அமுக்கிப் பார்த்து, அப்போதும் மூன்று விரல் இடைவெளி இருந்தால் சரி.

படி 4: வெளியே போட்ட துணைப்பொருள்கள்

இரும்புக் கிராஷ் கார்டு இந்த அளவு வண்டிக்கு நாலைந்து கிலோ. ஃபிரேம் ஸ்லைடர் (வண்டி விழுந்தால் முதலில் தரையில் உரசும் குமிழ்) ஒரு கிலோவுக்குள் முடிந்துவிடும். நின்ற இடத்தில் சாய்ந்து விழுவதற்கும் மெதுவாக வழுக்குவதற்கும் ஸ்லைடர் போதும். கிராமத்துச் சாலையில் நாய் குறுக்கே வருவதுதான் உங்கள் கவலை என்றால் கார்டை வைத்துக்கொள்ளுங்கள், அந்த நாலு கிலோவை வேறு இடத்தில் தேடலாம்.

ஸ்லைடர் பல வண்டிகளில் இன்ஜினைத் தாங்கும் போல்ட்டிலேயே ஏறுகிறது. கழற்றும்போது ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் சேர்த்து உருவினால் இன்ஜின் இரண்டு மில்லிமீட்டர் இறங்கிவிடும், போல்ட் துளை நேர்கோட்டில் வராது. இறுக்கும் அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொட வேண்டாம்.

படி 5: லித்தியம் பேட்டரி

காசு கொடுத்துக் குறைப்பதில் இதுதான் லாபமான வேலை. சுமார் 3 கிலோ லெட்-ஆசிட் பேட்டரிக்குப் பதில் ஒரு கிலோவுக்குள் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வந்துவிடுகிறது.

வாங்குவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். இன்ஜினை 5000 ஆர்பிஎம்மில் வைத்துப் பேட்டரி முனைகளில் அளந்தால் 14.0 முதல் 14.6 வோல்ட் வர வேண்டும். 14.8-க்கு மேல் காட்டினால் சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் லித்தியம் போட்டால் பேட்டரி வீங்கிப் போகும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பேட்டரியின் மேல் 12 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) என்று அச்சடித்திருப்பார்கள், பக்கத்தில் சின்ன எழுத்தில் "லெட்-ஆசிட்டுக்குச் சமம்" என்று இருக்கும். ஸ்டார்ட்டரைச் சுழற்றும் பலத்தில் சமம், அவ்வளவுதான். உண்மையான கொள்ளளவு 4 ஏஹெச் அளவில்தான் இருக்கும். ஜிபிஎஸ் டிராக்கர் 20 மில்லிஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 0.48 ஏஹெச் போகிறது. எட்டு நாள் வண்டியை எடுக்கவில்லை என்றால் பேட்டரி காலி. லெட்-ஆசிட் என்றால் சார்ஜ் போட்டு எழுப்பிப் பார்க்கலாம். முழுதாக வடிந்த லித்தியம் பெரும்பாலும் குப்பைக்குத்தான். டிராக்கரைக் கழற்றுங்கள், அல்லது இந்தப் படியை விட்டுவிடுங்கள்.

மாற்றும் முறை: சாவியை ஆஃப் செய்து, சீட்டைக் கழற்றி, முதலில் கறுப்பு, பிறகு சிவப்பு. பொருத்தும்போது முதலில் சிவப்பு, கடைசியில் கறுப்பு. முனைக்குள் இருக்கும் சதுர நட்டு போல்ட் நுழையும்போது கீழே இறங்கிக்கொண்டு கையில் சிக்காமல் அலைக்கழிக்கும். நட்டின் அடியில் ஒரு சின்ன ஸ்பாஞ்ச் துண்டைத் திணித்து உயர்த்தி வைத்தால் முதல் திருகிலேயே பிடித்துக்கொள்ளும். லித்தியம் பேட்டரி அளவில் சிறியது. கூட வரும் ஃபோம் அட்டைகளை ஒட்டி, பெட்டிக்குள் ஆடாமல் இறுக்கமாக உட்கார வைக்க வேண்டும். ஆடினால் அதிர்வில் முனை உடையும்.

பழைய சார்ஜரில் "டிசல்ஃபேட்" (பழைய லெட்-ஆசிட் பேட்டரியை மீட்கும்) வசதி இருந்தால் லித்தியத்தில் மாட்டவே கூடாது. அது அனுப்பும் உயர் வோல்டேஜ் செல்லைக் கெடுத்துவிடும். ஊட்டிக் குளிரில் காலையில் சோம்பலாகச் சுற்றினால் ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். செல் சூடேறியதும் பிடித்துக்கொள்ளும்.

படி 6: சைலன்சர், வேண்டுமா என்று யோசித்து

ஸ்லிப்-ஆன் சைலன்சர் (குழாயை விட்டுவிட்டுக் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றுவது) இரண்டு மூன்று கிலோ குறைக்கும். பேட்டரியோடு ஒப்பிட்டு, ஒரு கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். பெரும்பாலானோருக்கு இது எடைக்கான செலவு அல்ல, சத்தத்துக்கான செலவு. நம் ஊரில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த நிலையிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. ஒலி, புகை வரம்பை மீறினால் 190(2) பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடும் முழு எக்ஸாஸ்ட் செட்டை ரோட்டு வண்டிக்கு நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஒலி வரம்புக்குள் இருக்கும் சான்றிதழோடு வரும் ஸ்லிப்-ஆன் போடுகிறீர்கள் என்றால்: இன்ஜின் முழுதாகக் குளிரட்டும். கிளாம்ப் போல்ட்டில் துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து அரை மணி விடுங்கள். மாட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் திருகி, சைலன்சர் இழுபறியில்லாமல் தானாக உட்கார்ந்த பிறகு கிளாம்ப், அடுத்து பிராக்கெட் என்ற வரிசையில் இறுக்குங்கள். பிராக்கெட்டை முதலில் இறுக்கினால் குழாய் கோணலாக நின்று இணைப்பில் கசியும். ஆக்ஸிலேட்டரை விடும்போது பட் பட் என்று வெடித்தால் முதலில் அந்த இணைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் கைரேகையைத் தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள். சூடேறிவிட்டால் ரேகை உலோகத்திலேயே பதிந்துவிடும்.

படி 7: சுழல்கிற எடை

டயர், செயின், ஸ்ப்ராக்கெட் மூன்றும் சஸ்பென்ஷனுக்குக் கீழே இருப்பவை, அதோடு சுழல்பவை. இங்கே 500 கிராம் குறைந்தால் பெட்டியில் 500 கிராம் குறைந்ததைவிட அதிகம் உணரலாம். பஞ்சர் கடையில் முன்னெச்சரிக்கையாக ஊற்றும் திரவ சீலண்டை மறுத்துவிடுங்கள்: ஒரு டயருக்கு 200, 300 மி.லி. விளிம்பில் சேர்ந்து, நிற்கும்போது அடியில் தேங்கி, பேலன்சையும் கெடுக்கும்.

அலுமினியப் பின் ஸ்ப்ராக்கெட் அரைக் கிலோ குறைக்கும், ஆனால் இரும்பைவிடச் சீக்கிரம் தேயும். மெல்லிய 520 செயினும் அப்படியே. நெடும்பயண வண்டிக்கு இரண்டுமே தேவையில்லை. டைட்டானியம் போல்ட் செட்டில் மொத்தமாகக் கிடைப்பது சில நூறு கிராம். அலுமினிய போல்ட்டை ஃபேரிங் தவிர வேறெங்கும், முக்கியமாக பிரேக் பக்கம், போடவே கூடாது.

சாரி கார்டை எடுத்து எடை குறைப்பது இங்கே பரவலான பழக்கம். மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்னால் ஆள் உட்காரும் வண்டிக்குக் கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு மூன்றையும் கேட்கிறது. பின்னால் துப்பட்டாவோடு ஒருவர் உட்காரும் நாளில் அதன் காரணம் விளங்கும். விட்டுவிடுங்கள்.

படி 8: சஸ்பென்ஷனைத் திரும்பச் சரிசெய்யுங்கள்

பின்பெட்டிக்காக ஏற்றி வைத்த ப்ரீலோட் (பின் ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) அப்படியே இருந்தால், எடை குறைந்த வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு பள்ளங்களில் உதறும். 1000எஸ்எக்ஸில் ப்ரீலோட் குமிழைக் கையாலேயே திருகலாம்.

பின் ஆக்சிலிலிருந்து நேர் மேலே வாலில் ஒரு டேப் ஒட்டி அளவுக் குறி போடுங்கள். சைடு ஸ்டாண்டின் மேல் வண்டியைச் சாய்த்துப் பின்சக்கரம் தரையிலிருந்து கிளம்பும்போது ஆக்சிலிலிருந்து குறி வரை முதல் அளவு. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடக் ஸ்டாண்டில் ஏற்றி அளக்காதீர்கள். அது பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்மைத் தாங்குவதால் ஸ்ப்ரிங் முழுதாக விரியாது. ஜாக்கெட், பூட்ஸ், வழக்கமான பையோடு நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் இரண்டாவது அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 30 முதல் 40 மி.மீ. வரும்வரை குமிழைத் திருகுங்கள்; 30-க்குக் கீழே என்றால் தளர்த்த வேண்டும்.

பின்பக்கத்தின் உயரம் மாறியதால் ஹெட்லைட் வெளிச்சம் விழும் இடமும் மாறியிருக்கும். இரவில் ஐந்து மீட்டர் தள்ளிச் சுவரில் அடித்துப் பார்த்துத் திருத்துங்கள். பிறகு முதலில் இருந்த அதே பெட்ரோல் அளவில் மறுபடி தராசு. கழற்றிய ஒவ்வொன்றின் போல்ட்டையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, எந்த இடம் என்று எழுதி, அந்தப் பொருளோடேயே கட்டி வையுங்கள்.